மஸில் காரைக் கொன்றது சட்டமா?

அமெரிக்காவில் பழைய கார்களைப் போற்றிப் பாதுகாக்கும் ரசிகர்கள் ஏராளம். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு பல்லவியைத் தவறாமல் கேட்கலாம். "உண்மையான மஸில் கார் 1970-ஆம் ஆண்டோடு செத்துவிட்டது. புகைச் சட்டம் போட்டு அரசாங்கம் அதைக் கொன்றுவிட்டது. இப்போது வருபவை எல்லாம் வெறும் கணிப்பொறிப் பொம்மைகள்!" இந்தப் பல்லவியில் பாதி உண்மை இருக்கிறது. மறு பாதி உண்மைக்கு நேர் எதிரானது என்பது என் கருத்து. அந்தச் சட்டம் வராமல் இருந்திருந்தால், இன்றைய மஸில் காருக்கு இத்தனை வலிமை வந்தே இராது.

மாணவ நண்பர்களே, முதலில் மஸில் கார் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். மஸில் என்றால் தசை. விலை மலிவான, நடுத்தர அளவுள்ள ஒரு சாதாரணக் காருக்குள் பெரிய காருக்குரிய எஞ்சினைத் திணித்தால் அதுதான் மஸில் கார். ஒல்லிப் பையனின் உடம்பில் பயில்வானின் புஜங்களைப் பொருத்தியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1964-ஆம் ஆண்டு வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. என்ற காரிலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவது வழக்கம். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஒரு விதி வைத்திருந்தது. அக்கம்பெனியின் பான்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய கூட்டாளிகளும், 389 கன அங்குல எஞ்சினை "விருப்பமானால் சேர்த்துக்கொள்ளும் பாகம்" என்று பெயரிட்டு விற்றுவிட்டார்கள். அதாவது 6.4 லிட்டர் எஞ்சின். கூடுதல் விலை 300 டாலருக்கும் குறைவு. ஆக, மஸில் கார் பிறந்ததே ஒரு விதியை ஏமாற்றித்தான்! அதே 1964 ஏப்ரலில் போர்டு மஸ்டாங் வந்தது. பிறகு செவ்ரலே கமாரோ, டாட்ஜ் சாலஞ்சர் என்று வரிசையாக வந்தன. மஸ்டாங்கைத் தனி வகையில் சேர்க்க வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. அந்தத் தகராறு நமக்கு வேண்டாம்.

இனிப் பழையதையும் புதியதையும் ஒப்பிடுவோம். ஒப்பிட வேண்டுமானால் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் முதல் சிக்கல்.

அந்தக் காலத்து விளம்பரங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 7 லிட்டர் ஹெமி எஞ்சினுக்கு 425 குதிரைத் திறன். 1970-ஆம் ஆண்டுச் செவ்ரலே ஷெவெல் காரின் 7.4 லிட்டர் எஞ்சினுக்கு 450 குதிரைத் திறன். ஆனால் இவற்றை எப்படி அளந்தார்கள் தெரியுமா? எஞ்சினைக் காரிலிருந்து தனியே எடுத்து ஒரு மேடையில் பூட்டுவார்கள். காற்று வடிகட்டி இராது. மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் இராது. புகையை அடக்கி வெளியேற்றும் சைலன்சருக்குப் பதிலாக அகலமான குழாய்கள் இருக்கும். எஞ்சின் சுமக்க வேண்டிய சுமைகளை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, அது தரும் மிகப் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். புத்தகப் பையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிய ஒருவன், பையோடு ஓடிய நேரம் இதுதான் என்று சொல்லிக்கொள்வதைப் போன்றது இது. இதற்கு மொத்தத் திறன் என்று பெயர். காரில் இருப்பது போலவே எல்லாத் துணைக் கருவிகளையும் மாட்டி அளந்தால் கிடைப்பது நிகரத் திறன். 1972-ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அமெரிக்கக் கம்பெனிகள் நிகரத் திறனையே அறிவிக்கத் தொடங்கின. மாற்றம் நடந்துகொண்டிருந்த 1971-இல் ஹெமி எஞ்சினுக்கு இரண்டு எண்களுமே வெளியாயின. மொத்தத் திறன் 425. நிகரத் திறன் 350! எஞ்சின் ஒன்றுதான். காணாமற்போன 75 குதிரைகளும் காகிதத்தில் மட்டுமே ஓடியவை.

பத்திரிகைச் சோதனைகளையும் அப்படியே நம்ப முடியவில்லை. 1964-இல் ஒரு கார்ப் பத்திரிகைக்குச் சோதனைக்காகத் தரப்பட்ட ஜி.டி.ஓ.வில் கடையில் கிடைக்கும் 389 கன அங்குல எஞ்சினுக்குப் பதிலாக 421 கன அங்குல எஞ்சின் இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. பான்டியாக்கின் விளம்பர வேலைகளைக் கவனித்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகளுக்குப் பின் இதை வெளியிட்டார். "அந்தக் காலத்துக் கார் மாதிரி வருமா?" என்று யாராவது பெருமூச்சு விட்டால், எந்தக் காரைச் சொல்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இருந்தாலும் 350 குதிரைத் திறன் என்பது அந்த நாளில் பெரிய சாதனைதான். அது எப்படிக் கிடைத்தது என்பதில்தான் கதையின் இருண்ட பகுதி இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் மேலேறும்போது, காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையை அமுக்குகிறது. பத்துப் பங்கு இடத்தில் இருந்த கலவையை ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கினால் அமுக்க விகிதம் 10. இந்த விகிதம் உயர உயர, அதே பெட்ரோலிலிருந்து அதிக வேலையைப் பெறலாம். ஆனால் அமுக்கினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அளவுக்கு மீறி அமுக்கினால், பொறிச்செருகி தந்த தீ போய்ச் சேரும் முன்பே எஞ்சியுள்ள கலவை தானாக வெடித்துவிடும். எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். நீடித்தால் பிஸ்டனே உடைந்து போகும். இதைத் தடுக்க 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி ஒரு மருந்து கண்டுபிடித்தார். டெட்ரா எதில் காரீயம் என்ற திரவத்தைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்தால் தட்டல் அடங்கியது. ஹெமியின் அமுக்க விகிதம் 10.25. ஷெவெலின் 450 குதிரைத் திறன் எஞ்சினுக்கு 11.25. இவை எல்லாம் காரீயத்தின் தயவில் ஓடியவை.

காரீயம் நஞ்சு என்பது அப்போது தெரியாதா? நன்றாகத் தெரியும். 1924-இலேயே நியூ ஜெர்சியில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்திருக்கிறார்கள். மிட்ஜ்லியே காரீய நோயால் அவதிப்பட்டவர். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1970 வாக்கில் ஒரு காலன் பெட்ரோலில் 2 கிராமுக்குக் குறையாமல் காரீயம் இருந்தது. மஸில் கார் ஒரு காலனுக்கு 10 மைல் அளவில்தான் ஓடும். 100 மைல் போய் வந்தால் 20 கிராம் காரீயம். அதில் பெரும்பகுதி புகைக் குழாய் வழியாகத் தெருவில் இறங்கும். பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956-இல் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானிக்கு அந்த ஆய்விலேயே ஒரு தொல்லை இருந்தது. பாறைத் துணுக்குகளில் உள்ள காரீயத்தை அவர் அளக்க முயன்றபோது, ஆய்வுக்கூடக் காற்றிலும் தூசியிலும் இருந்த காரீயம் புகுந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. இத்தனை காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனவர், பெட்ரோலில் போய் நின்றார். 1965 முதல் அதற்கு எதிராக எழுதியும் பேசியும் வந்தார்.

1970 டிசம்பர் 31-ஆம் நாள் குடியரசுத் தலைவர் நிக்சன் தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1975 மாடல் கார்களின் புகையில் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பன்களையும் 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது சட்டம். முடியவே முடியாது என்று டெட்ராய்ட் கம்பெனிகள் கூக்குரலிட்டன. காலக்கெடு சிறிது தள்ளிப்போனதும் உண்மை. ஆனால் வழி ஒன்று இருந்தது. புகைக் குழாயில் பிளாட்டினம் பூசிய ஒரு தேன்கூட்டை வைத்தால், அது வினையூக்கியாக இருந்து நச்சு வாயுக்களை மாற்றிவிடும். ஒரே ஒரு நிபந்தனை. காரீயம் பட்டால் பிளாட்டினம் செயலற்றுவிடும். எனவே காரீயமில்லாத பெட்ரோல் தேவை. அதற்கு அமுக்க விகிதத்தைக் குறைத்தாக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவராக இருந்த எட் கோல் 1971 மாடல்களிலேயே அதைச் செய்தார். 1955-இல் செவ்ரலேயின் புகழ் பெற்ற வி-8 எஞ்சினை உருவாக்கிய குழுவின் தலைவர் இவர்தான் என்பதை ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். தான் பெற்ற பிள்ளைக்குத் தானே பத்தியம் வைத்தார்!

இங்கே ரசிகர்களின் குறையில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். செவ்ரலே கார்வெட்டின் அடிப்படை எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அளவு மாறாமல் 5.7 லிட்டர். 1970-இல் மொத்தத் திறன் 300. அமுக்கம் குறைந்ததால் 1971-இல் 270. அதே 270-ஐ நிகரக் கணக்கில் சொன்னால் 210. 1972-இல் 200, 1975-இல் 165. முந்நூறு நூற்றறுபத்தைந்தாகிவிட்டது என்று புலம்புகிறவர்கள், நடுவில் 60 குதிரைகள் அளவுகோல் மாறியதால் மட்டுமே குறைந்தன என்பதைக் கழித்துவிட்டுப் புலம்ப வேண்டும். அதைக் கழித்தாலும் வீழ்ச்சி வீழ்ச்சிதான். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. இளைஞர்களின் வேகக் கார்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் ஏற்கெனவே எகிறியிருந்தது. 1974-ஆம் ஆண்டின் புதிய மஸ்டாங்கில் வி-8 எஞ்சினே கிடையாது. அதன் 2.3 லிட்டர் நான்கு உருளை எஞ்சின் தந்தது 88 குதிரைத் திறன். பெயர் மட்டும் காட்டுக் குதிரை!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ரசிகர்கள் பாடுவதை அங்கே நிறுத்திவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

1 கிராம் பெட்ரோல் முழுவதுமாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒருசேர அழிக்கும் வினையூக்கி, இந்த விகிதம் மயிரிழை பிசகாமல் இருந்தால்தான் வேலை செய்யும். பழைய கார்புரேட்டரால் இது ஆகாது. அது காற்றின் வேகத்தைக் கொண்டு பெட்ரோலை உறிஞ்சும் ஒரு குழாய். கண் மதிப்பாகக் குழம்புக்கு உப்புப் போடுவது போல. வேண்டியது ஒவ்வொரு கணமும் நாக்கில் விட்டுப் பார்த்து உப்பைச் சரிசெய்யும் சமையற்காரர். புகைக் குழாயில் பொருத்தப்பட்ட பிராணவாயு உணர்வி நாக்காயிற்று. சிறு கணிப்பொறி மூளையாயிற்று. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர் கையாயிற்று. 1977 மாடல் வோல்வோ கார்களில் காலிபோர்னியாவில் இந்த ஏற்பாடு முதலில் வந்தது. 1981-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்கக் கார்களில் கணிப்பொறியை வைத்துவிட்டது.

"சட்டம் இல்லாவிட்டாலும் இவை எல்லாம் தாமாகவே வந்திருக்கும்" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மின்னணுச் சில்லுகள் மலிவாகிக்கொண்டு வந்தன; ஜப்பானியக் கார்களின் போட்டியும் இருந்தது. இவற்றின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் 1958-இல் நடந்ததைப் பாருங்கள். பெண்டிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் மின்னணு இன்ஜெக்ஷனை கிரைஸ்லர் சில டஜன் கார்களில் பொருத்தியது. அது சரியாக வேலை செய்யவில்லை. பெரும்பாலான கார்களில் அதைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரை மாட்டினார்கள். காப்புரிமைகள் ஜெர்மனியின் போஷ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. போஷ் அதைத் திருத்தி 1967-இல் வோல்க்ஸ்வாகன் காரில் கொண்டுவந்தது, அமெரிக்காவின் புகை விதிகளைச் சமாளிப்பதற்காக! டெட்ராய்ட் பொறியாளர்களுக்கு அறிவுக் குறைவு இல்லை. பெரிய உருளையும் காரீயமும் எளிதாகக் கிடைத்தபோது, கடினமான வழியில் போக அவர்களுக்குக் காரணம் இல்லை. காரணத்தைத் தந்தது சட்டம்.

புகையைக் கட்டுப்படுத்த வந்த கணிப்பொறி, வந்த இடத்தில் சும்மா இருக்கவில்லை. எஞ்சின் தட்டுகிறதா என்று கேட்க அதற்கு ஒரு காது வைத்தார்கள். தட்டல் தொடங்கும் அந்தக் கணத்திலேயே பொறி பற்றும் நேரத்தை அது தள்ளிப்போடும். கார்புரேட்டர் காலத்தில் எட்டு உருளைகளுக்கும் ஒரே அளவு கலவை போவதில்லை. எனவே மிக மோசமான உருளைக்கு ஏற்ப எஞ்சினை அமைக்க வேண்டியிருந்தது. இன்ஜெக்டர் வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. பிறகு பெட்ரோலை உருளைக்குள்ளேயே பீய்ச்சினார்கள். அது ஆவியாகும்போது கலவையைக் குளிரவைத்துத் தட்டலை இன்னும் அடக்கியது. விளைவு என்ன? 2018 மாடல் மஸ்டாங் ஜி.டி.யின் அமுக்க விகிதம் 12! காரீயம் இல்லாமல், பழைய ராட்சத எஞ்சின்களையும் விஞ்சிய அமுக்கம். 2024 மாடலில் அந்த 5 லிட்டர் எஞ்சின் தருவது 480 நிகரக் குதிரைத் திறன்.

டர்போவின் கதையும் இதே மாதிரிதான். புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி இது. 1962-இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர் என்ற காரில் இதை வைத்தார்கள். தட்டலைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனிக் குப்பியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்ற மறந்தவர்கள் பலர். அடுத்த ஆண்டோடு கார் நின்றுபோயிற்று. கணிப்பொறி வந்த பிறகு, 1987-இல் ப்யூக் கிராண்ட் நேஷனலின் 3.8 லிட்டர் ஆறு உருளை டர்போ எஞ்சின் 245 குதிரைத் திறன் தந்தது. அதே ஆண்டுக் கார்வெட்டின் 5.7 லிட்டர் வி-8 தந்தது 240. 2015 மஸ்டாங்கில் மீண்டும் ஒரு 2.3 லிட்டர் நான்கு உருளை எஞ்சின் வந்தது, டர்போவோடு. 1974-இல் 88 என்று கண்டோமே, இப்போது 310! டர்போ இல்லாத 2011 மஸ்டாங்கின் 3.7 லிட்டர் ஆறு உருளை எஞ்சினும் 305 குதிரைத் திறன் தந்தது. நெடுஞ்சாலையில் காலனுக்கு 31 மைல், அதாவது லிட்டருக்கு 13 கிலோமீட்டர் ஓடியது. பழைய மஸில் கார்கள் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் பெரிது.

பிரேக்கையும் பாதுகாப்பையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, போட்டியே இல்லை. பழையவற்றில் பெரும்பாலும் டிரம் பிரேக். சூடேறினால் பிடி தளரும். ஓடத் தெரிந்த அளவுக்கு நிற்கத் தெரியாத வண்டிகள் அவை. எல்லா வாகனங்களையும் சேர்த்து, அமெரிக்கச் சாலைகளில் 10 கோடி மைல் ஓட்டத்துக்கு 1966-இல் சுமார் 5.5 பேர் இறந்தார்கள். 2019-இல் சுமார் 1.1 பேர்.

காற்றின் கணக்கு இதைவிட முக்கியமானது. 1960-களின் கார்களோடு ஒப்பிட்டால், புதிய கார்களின் புகையில் பெரும்பாலான மாசுப் பொருள்கள் 98 முதல் 99 சதவீதம் குறைந்துவிட்டன என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம். அந்நாட்டில் ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் இரத்தத்தில், 1976 முதல் 1980 வரை, ஒரு டெசிலிட்டருக்குச் சராசரி 15 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. இன்று அது 1 மைக்ரோகிராமுக்கும் கீழே. வண்ணப்பூச்சிலும் உணவு டப்பாக்களிலும் காரீயத்தை நீக்கியதற்கு இதில் பங்கு உண்டு. ஆனால் பெரும் பங்கு பெட்ரோலுக்கு. மூளை வளரும் வயதில் காரீயம் படிப்பையும் கவனத்தையும் கெடுக்கும். பழைய மஸில் காரின் உறுமலை இரசிக்கும்போது இந்த விலையையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அமெரிக்கா 1996-இல்தான் சாலை வாகனங்களுக்குக் காரீயப் பெட்ரோலை முற்றிலும் தடை செய்தது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் அது விடைபெற்றது.

அப்படியானால் பழைய காரில் ஒன்றுமே இல்லையா? உண்டு. அதன் முன்மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இது கார்புரேட்டர், இது டிஸ்ட்ரிபியூட்டர், இது பெல்ட் என்று விரலால் தொட்டுச் சொல்லலாம். நாலு ஸ்பேனரும் ஒரு திருப்புளியும் இருந்தால், பதினாறு வயதுப் பையன் கொட்டகையில் உட்கார்ந்து பிரித்து மாட்டலாம். ஒரு தலைமுறை அமெரிக்க இளைஞர்கள் பௌதிகத்தைப் பள்ளியில் கற்றதைவிட இந்தக் கார்களிடம் அதிகம் கற்றிருக்கக்கூடும். இன்றைய காரின் மூடியைத் திறந்தால் தெரிவது ஒரு பிளாஸ்டிக் மூடி. இந்த இழப்பு உண்மையானது, எனக்கே வருத்தந்தான். ஆனாலும் ஒன்று. 1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்கள் அனைத்திலும், ஸ்டீயரிங்கின் கீழே ஒரே மாதிரியான ஓர் இணைப்பு இருக்கிறது. விலை மலிவான கருவி ஒன்றைச் செருகினால், எஞ்சின் தன் நோயைத் தானே சொல்லும். அந்த இணைப்பைக் கட்டாயமாக்கியதும் புகைச் சட்டம்தான்!

இன்றைய கார்களை எல்லாம் நான் ஆதரிப்பதாக எண்ண வேண்டாம். 2023-இல் வந்த சாலஞ்சர் டீமன் 170 என்ற கார், எதனால் கலந்த எரிபொருளில் 1,025 குதிரைத் திறன் தருகிறது. இதை எந்தத் தெருவில் ஓட்டுவது? திறமையான பொறியியல், தேவையற்ற இடத்தில். மேலும், வினையூக்கி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் கரியமில வாயு குறைவதில்லை. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளிவந்தே தீரும். அதைக் குறைக்கும் ஒரே வழி, பெட்ரோலைக் குறைவாக எரிப்பது. அதற்காகத்தான் எரிபொருள் சிக்கன விதிகள் 1975-இலேயே சட்டமாயின. 2025 ஜூலையில், கார்க் கம்பெனிகள் அந்த விதிகளை மீறினால் செலுத்த வேண்டிய அபராதத்தை அமெரிக்கா பூஜ்யமாக்கிவிட்டது. விதி ஏட்டில் இருக்கிறது, மீறினால் செலவில்லை. 1958-இல் இன்ஜெக்ஷனைக் கழற்றி எறிந்த மனப்பான்மை மீண்டும் தலைதூக்குமோ என்பதுதான் என் கவலை.

டாட்ஜ் கம்பெனி தன் பழைய சாலஞ்சரை 2023 டிசம்பரோடு நிறுத்திவிட்டு, 2024-இல் மின்சாரத்தில் ஓடும் சார்ஜரைக் கொண்டுவந்தது. எடை சுமார் 2.6 டன்; 670 குதிரைத் திறன் வரை. சத்தமில்லாமல் ஓடுவது அவமானம் என்று எண்ணினார்கள் போலும், உறுமலை எழுப்புவதற்காகவே அதில் ஓர் ஒலிபெருக்கி ஏற்பாட்டையும் வைத்திருக்கிறார்கள். அடுத்து அதே உடலில் ஒரு பெட்ரோல் எஞ்சினும் வந்தது. 3 லிட்டர், ஆறு உருளை, இரட்டை டர்போ, 550 நிகரக் குதிரைத் திறன். 1971 ஹெமியின் பாதிக்கும் குறைவான கொள்ளளவில் அதைவிட 200 குதிரைகள் அதிகம். "எட்டு உருளை இல்லையே!" என்று முனகுகிறார்கள் பழைய ரசிகர்களில் ஒரு சாரார்.